பெற்றோரின் எதிர்பார்ப்பு பதின்ம வயதுப் பிள்ளையை எப்படிப் பாதிக்கிறது?

பெற்றோரின் எதிர்பார்ப்பு பிள்ளையைப் பாதிக்கும் என்றதும், "அப்படியென்றால் எதிர்பார்ப்பே வைக்கக் கூடாதா?" என்று கேட்கத் தோன்றும். தாராளமாக வைக்கலாம். எதுவுமே எதிர்பார்க்காத வீட்டில் பிள்ளைக்கு 'என்னை யாரும் கண்டுகொள்வதில்லை' என்றுதான் தோன்றும். பாசமும் மதிப்பெண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும்போதுதான் சிக்கல். 92 வாங்கி வந்தவனிடம் "மீதி 8 எங்கே?" என்று கேட்டுவிட்டு, ராத்திரி வரை முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், தோற்றால் நான் வேண்டாதவன் என்றுதான் அவன் புரிந்துகொள்வான். அப்புறம் குறைந்த மதிப்பெண்ணை மறைப்பான், தூக்கம் கெடும், தேர்வன்று வயிற்றைப் பிசையும்.

பதின்ம வயதின் முக்கிய வேலையே 'நான் யார்' என்று தேடுவதுதான் என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். அதையொட்டி ஆய்வு செய்த ஜேம்ஸ் மார்சியா 1966இல் விவரித்த நிலைகளில் ஒன்று, தானாகத் தேடிப் பார்க்காமலேயே பெற்றோர் காட்டிய பாதையைத் தனதாக்கிக்கொள்வது. வெளியே பார்த்தால் இவர்கள் சமர்த்துப் பிள்ளைகள். "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் மட்டும், பதிலுக்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். (எதிர்த்துப் பேசும் பிள்ளையைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.)

சரி, என்ன செய்யலாம்? விடைத்தாள் வரும் அன்று மதிப்பெண் பேச்சை மறுநாளுக்குத் தள்ளிப்போடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, நண்பர்களிடமிருந்தும் ஒதுங்கினால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே.