கல்வாழைப் பாத்தியில் கொசு வருமா?

கேள்வி: தாம்பரத்தை அடுத்த புறநகர்ப் பகுதியில் வசிக்கிறோம். பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. வீட்டில் நான்கு பேர். செப்டிக் டேங்க் அடிக்கடி நிரம்பி, லாரியை அழைக்க வேண்டியிருக்கிறது. குளியலறை நீரையும் துணி துவைத்த நீரையும் தனியே பிரித்து, பின்பக்க மதிற்சுவரை ஒட்டிக் கல்வாழை வளர்த்துச் சுத்திகரிக்கலாம் என்கிறார்கள். கொசுப் பண்ணையாகிவிடும் என்று என் மாமியார் மறுக்கிறார். ஒரு நிறுவனம் 1,40,000 ரூபாய்க்கு விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறது (இணைத்துள்ளேன்). போர்வெல் நீர் கடினமானது என்பதால் வாட்டர் சாஃப்ட்னரும் வைத்திருக்கிறோம். நம்பி இறங்கலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த விலைப்பட்டியலை நம்பி அல்ல.

உங்கள் மாமியாரின் பயம் நியாயமானது. ஊரில் பல இடங்களில் 'செடி வைத்துச் சுத்திகரிப்பு' என்ற பெயரில் ஒரு குட்டையைத் தோண்டி, ஆகாயத்தாமரையை மிதக்கவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் கொசு வராமல் வேறு என்ன வரும்? கொசு முட்டையிடத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். முறையாகக் கட்டிய கல்வாழைப் பாத்தி என்பது ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட பள்ளம். அதில் தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. ஜல்லியின் மேற்பரப்பிலிருந்து மூன்று நான்கு அங்குலம் கீழேதான் நீர் நிற்கும். மேலே இருப்பது காய்ந்த கல். அதில் கை விட்டுத் துழாவினால்தான் விரல் நுனியில் ஈரம் தட்டும்.

நீரைச் சுத்தம் செய்வது செடி மட்டும் அல்ல. ஜல்லிக் கற்களின் மீதும் வேர்களின் மீதும் வழுவழுப்பான மெல்லிய படலமாக நுண்ணுயிர்கள் படிகின்றன. சோப்பையும் அழுக்கையும் தின்பவை அவையே. கல்வாழை தன் தண்டின் வழியே வேருக்குக் காற்றை இறக்கி அவற்றுக்கு உதவுகிறது. நீரில் கரைந்திருக்கும் சத்துகளில் ஒரு பங்கை உறிஞ்சித் தானும் தழைக்கிறது. இது நேற்று வந்த மோகம் அல்ல. ஜெர்மனியில் கேத்தே ஸைடல் என்ற அறிவியலாளர் 1950களிலேயே நீர்த்தாவரங்களை வைத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பார்த்தார். உங்களுக்குப் பக்கத்திலேயே, ஆரோவில்லில் இத்தகைய பாத்திகள் நெடுங்காலமாக இயங்குகின்றன.

அளவுக்கு வருகிறேன். நான்கு பேர் குளித்து, ஒரு முறை இயந்திரத்தில் துணி துவைத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 350 லிட்டர் வெளியேறும். அது பாத்திக்குள் இரண்டு மூன்று நாள் தங்க வேண்டும். 18 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழத்தில் கட்டி ஜல்லி நிரப்பினால், கற்களுக்கிடையே சுமார் 1,000 லிட்டர் நிற்கும். போதும். உள்ளே செங்கல் கட்டிச் சிமென்ட் பூசலாம். பண்ணைக் குட்டைக்கு விரிக்கும் தடித்த பிளாஸ்டிக் தாளும் போதும். வீட்டின் அஸ்திவாரத்தை ஒட்டி வேண்டாம். நீங்கள் சொன்ன மதிற்சுவர் ஓரமே நல்லது, அங்கே வெயில் படுமென்றால்.

முக்கால் அங்குல ஜல்லியை வாங்கித் தூசி போகக் கழுவிப் போடுங்கள். கொத்தனார் கடைசியில் 'மேலே கொஞ்சம் மண் போட்டால் பார்க்க அழகாக இருக்கும்' என்பார். ஒரு சட்டி மண்கூடப் போட விடாதீர்கள். மண் உள்ளே இறங்கி ஜல்லியின் இடுக்குகளை அடைக்கும். நீர் வழியின்றி மேலே தேங்கும். மாமியார் சொன்னது பலித்துவிடும். பாத்திக்கு முன்னால் ஒரு சிறு தொட்டி கட்டி, முடியையும் துணிப் பிசிறையும் பிடிக்க வலை வையுங்கள். அதை வாரம் ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் வெளியேறும் குழாய். பாத்தியின் மறுமுனையில், அடிமட்டத்திலிருந்து ஒரு பிவிசி குழாயை வெளியே எடுத்து, ஒரு சிறு தொட்டிக்குள் எல்போ போட்டு மேல்நோக்கித் திருப்ப வேண்டும். அந்த நிமிர்ந்த குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரம்வரைதான் பாத்திக்குள் நீர் ஏறும். ஜல்லி மட்டத்துக்கு நான்கு அங்குலம் கீழே அதை வெட்டிவிட்டால் கொசுக் கவலை தீர்ந்தது. சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம்.

நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலை இரண்டு முறை படித்தேன். ஃபைபர் தொட்டி இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, புற ஊதா விளக்கு இருக்கிறது, மாதந்தோறும் ஊற்ற 'சிறப்பு நுண்ணுயிர்க் கரைசல்' இருக்கிறது, ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் இருக்கிறது. அந்த எல்போ மட்டும் இல்லை. இதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கடைசியில் தோட்டத்துத் தென்னைக்குப் போகும் நீருக்குப் புற ஊதா விளக்கு எதற்கு? தரைக்குக் கீழே கட்டும் பாத்திக்குக் குளியலறை நீர் தானாகவே ஓடிவரும், மோட்டார் எதற்கு? கரைசல் விற்பதோ அப்பட்டமான ஏமாற்று. உங்கள் குளியல் நீரில் இருக்கும் நுண்ணுயிர்களே தாமாகப் பெருகிப் படலமாகும். பாட்டிலில் வருவது உங்களை மாதச் சந்தாதாரராக வைத்திருப்பதற்கான வழி. சுத்திகரித்த நீரைக் குடிக்கலாம் என்று சான்றிதழ் காட்டுபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீடு கட்டும்போதே குளியல் நீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என இரண்டு குழாய் போட்டிருந்தால் இன்று நீங்கள் சுவரை உடைக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் இரண்டையும் காட்டி அனுமதி வாங்கி, கட்டடத்தில் ஒன்றாகச் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வந்து பார்க்க வேண்டியவர்கள் வருவதில்லை. வந்தாலும் மண்ணுக்குள் புதைந்த குழாயைப் பார்ப்பதில்லை. பாதாளச் சாக்கடை வரும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் லாரிக்குக் கொட்டும் பணம் ஒருபுறம். அந்த லாரிகளில் எத்தனை, இருட்டில் ஏரிக்கரையில் குழாயைத் திறந்துவிடுகின்றன என்பது இன்னொருபுறம்.

இனி உங்கள் வாட்டர் சாஃப்ட்னர். இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். கல்வாழைப் பாத்தி சோப்பை நீக்கும், அழுக்கை நீக்கும், உப்பை நீக்காது. சாஃப்ட்னரில் நீங்கள் கொட்டும் மூட்டை உப்பு, அந்தக் கருவி தன்னைக் கழுவிக்கொள்ளும்போது கடும் உவர்நீராக வெளியேறுகிறது. அது ஒரு முறை பாத்திக்குள் போனாலே இலை விளிம்புகள் காகிதம் எரிந்ததுபோலப் பழுப்பாகிச் சுருளும். மறுபடி மறுபடி போனால் கிழங்கே அழுகும். ஆகவே அந்தக் கழுவுநீர்க் குழாயைப் பாத்தியோடு எக்காரணம் கொண்டும் இணைக்காதீர்கள். கிணற்றிலோ மழைநீர் சேகரிப்புக் குழியிலோ விடவே கூடாது. நிலத்தடி நீரே உப்பாகிவிடும். கழிப்பறைக் குழாயோடு சேர்ப்பதுதான் இருக்கிற வழிகளில் குறைந்த கேடு. அதோடு முடியவில்லை. சாஃப்ட்னரிலிருந்து அன்றாடம் குளிக்க வரும் நீரிலும் சுண்ணாம்புக்குப் பதில் சோடியம் ஏறியிருக்கும். அது செடியை உடனே கொல்லாது. ஆனால் பாத்தியைத் தாண்டிப் போய், நாளடைவில் தோட்டத்து மண்ணைக் கெட்டியாக்கும். கருவியை வெந்நீர்க் கருவிக்கும் துவைக்கும் இயந்திரத்துக்கும் மட்டும் பொருத்தி, மற்றக் குழாய்களுக்கு நேரடி போர்வெல் நீரை விட்டால் உப்புச் செலவும் குறையும். பாத்தியைத் தாண்டி வரும் நீரைத் தென்னைக்குப் பாய்ச்சுங்கள். அது உப்பை ஓரளவு தாங்கும். வாழை தாங்காது. கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்களுக்கும் எந்த வீட்டிலும் இந்த நீர் வேண்டாம்.

சமையலறை நீரை இப்போது சேர்க்காதீர்கள். எண்ணெய் ஜல்லியை அடைக்கும்.

கல்வாழைக் கிழங்கை ஓர் அடி இடைவெளியில், நீர் மட்டத்தைத் தொடும்படி நடுங்கள். நாற்றுப் பண்ணையில் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. யார் வீட்டு வேலியோரத்திலும் கேட்டால் தருவார்கள். வேர் பரவ இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை வெளியேறும் நீர் சற்றுக் கலங்கலாகவே இருக்கும். பூத்து முடிந்த தண்டுகளை அடியோடு வெட்டினால் புதுக் குருத்து வரும். செப்டிக் டேங்குக்குப் போகும் நீர் இனி வெகுவாகக் குறையும். இருந்தாலும் அடியில் படியும் கசடை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எடுத்தே ஆக வேண்டும். லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று அப்போது ஓட்டுநரிடம் கேளுங்கள்.