பெரிய மனை, பழைய வீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கும்பகோணம் பக்கம் 18 சென்ட் மனையோடு ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. உரிமையாளர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். மகன்கள் மூவரும் கையெழுத்துப் போடத் தயார். "தங்கச்சிகளுக்கு அப்பவே நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு" என்கிறார்கள். போதுமா?

போதாது. கல்யாணத்துக்குப் போட்ட நகை சொத்துப் பங்குக்கு ஈடாகாது. இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா சுயமாகச் சம்பாதித்தது என்றால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் இருந்தால் அவர், எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்து என்றாலும் 2005 திருத்தம் மகளுக்கு மகனுக்குள்ள அதே உரிமையைக் கொடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2020இல் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். யாராவது இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் போங்கள். விலை படிவதற்கு முன்பே அந்தப் பெண்களை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். அவர்கள் பங்கை அவர்கள் பெயரிலேயே தனிக் காசோலையாகக் கொடுங்கள். அதுதான் நியாயம், உங்களுக்கும் பாதுகாப்பு.

பத்திரத்தில் 18 சென்ட், பட்டாவில் 15½ சென்ட். எதை நம்புவது?

இரண்டையும் நம்பாமல் அளந்து பாருங்கள், அதுவும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே. 2½ சென்ட் என்பது 1,089 சதுர அடி, ஒரு சின்ன வீடே கட்டலாம். பழைய பத்திரங்களில் நான்கெல்லையைச் சொல்லிவிட்டு அளவை மதிப்பாக எழுதிவிடுவது உண்டு. பின்பக்க வாய்க்கால் புறம்போக்கை வேலிக்குள் சேர்த்திருக்கலாம், பக்கத்து வீட்டுச் சுவர் இந்தப் பக்கம் நகர்ந்தும் இருக்கலாம். விற்பவரைத் தாலுகா அலுவலகத்தில் அளவைக்கு மனுப் போடச் சொல்லுங்கள். சர்வேயர் காட்டும் எல்லைக்குள் வருகிற பரப்புக்கு மட்டும் சென்ட் கணக்கில் விலை பேசுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் கூரை மழைக்கு ஒழுகுகிறது. இடித்துவிடச் சொல்கிறார் இன்ஜினியர்.

அவசரப்படாதீர்கள். மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தோடு அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை போட்டு, தட்டையான ஓடுகளை (தட்டோடு) பதித்த கூரை அது. தட்டோடுகளின் இணைப்பு விட்டுப்போனாலோ, தண்ணீர் போகும் குழாய் அடைத்தாலோ, அரசங்கன்று வேர்விட்டாலோ ஒழுகும். இதெல்லாம் சரிசெய்யக்கூடியவை.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது சுவருக்குள் போகும் கட்டை முனைகளை. ஈரம் தங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். ஒவ்வொரு முனையையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நாலைந்து கட்டைகள் மட்டும் உளுத்திருந்தால் மாற்றிவிடலாம். பெரும்பாலானவை உளுத்திருந்தால் இன்ஜினியர் சொல்வதைக் கேளுங்கள்.

எது செய்தாலும் சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். பிறகு பூச்சு பாளம் பாளமாக வரும். நல்ல வீடுகள் பல இப்படித்தான் கெட்டுப்போகின்றன, பார்க்கவே மனசு வலிக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. "கட்டடம் எங்களுடையது, அடிமனை கோயிலுடையது" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

நீங்கள் வாங்குவது சுவரும் கூரையும் மட்டும்தான். மண்ணுக்குக் கோயிலுக்கு வாடகை கட்ட வேண்டும், அது உயர்ந்துகொண்டும் போகும். வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம். கோயில் நிலம் விற்க அறநிலையத் துறை ஆணையர் அனுமதி வேண்டும் என்பதால், மனை பின்னால் உங்கள் பெயருக்கு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்னைக் கேட்டால், விட்டுவிடுங்கள்.

பெரிய மனையை வாங்கியபின் அதன் பின்பாதியைப் பிரித்து விற்கலாமா?

மனைப் பிரிவுக்கு அனுமதி வாங்கினால் விற்கலாம். பின்மனைக்கு வீட்டின் பக்கவாட்டில் பாதை விட இடம் இருக்கிறதா என்று இப்போதே டேப் பிடித்துப் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கணக்கை விலையில் சேர்க்காதீர்கள்.

பத்திரத்தில் வீட்டைக் காட்டாமல் காலி மனை என்று எழுதினால் செலவு குறையும் என்கிறார்கள்.

வேண்டாம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இது கட்டடத்துக்கும் உண்டுதான். ஆனால் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பதால் பழைய வீட்டின் மதிப்பு குறைவாகவே வரும். அந்தச் சின்னத் தொகையை மிச்சம் பிடித்துவிட்டு, பத்திரத்தில் இல்லாத வீட்டுக்கு வீட்டு வரியையும் மின் இணைப்பையும் எப்படிப் பெயர் மாற்றுவீர்கள்?