ஈஸ்ட்டும் காட்மியமும்

கேள்வி: ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட், கழிவுநீரில் உள்ள காட்மியத்தை உறிஞ்சும் என்கிறார்களே. அந்த நஞ்சு உள்ளே போயும் அது சாகாதா? – ஒரு கல்லூரி மாணவி

பதில்: உறிஞ்சும். ஆனால் செல்சுவரில் ஒட்டுவது வேறு, உள்ளே போவது வேறு. ஒட்டுவதைச் செத்த ஈஸ்ட்கூடச் செய்யும். ஆய்வு மாணவனாக இருந்தபோது வெளியே ஒட்டிய உலோகத்தைக் கழற்றும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலில் செல்களைக் கழுவாமல் அளந்துவிட்டேன். ஒரு வார வேலை வீண்.

உள்ளே போகும் காட்மியத்தை முதலில் பிடிப்பது குளுட்டாதயோன் என்ற கந்தகமுள்ள சிறு மூலக்கூறு. பிடித்ததை ஒய்சிஎஃப்1 என்ற புரதம் வாக்குவோல் என்ற செல்லின் உள்ளறைக்குள் தள்ளி அடைத்துவிடும். தாமிரம் அதிகமானால் கப்1 என்ற மெட்டலோதயோனின், அதாவது உலோகத்தைப் பிடிக்கும் சிறு புரதம், செல்லுக்குள் உருவாகும். 53 அமினோ அமிலங்கள்தான், அதில் 12 சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள வகை! அவற்றின் கந்தகம் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். இந்தச் சின்னப் புரதத்தின் மேல் எனக்கு இன்றும் தீராத பிரியம். அளவு மீறினால் ஈஸ்ட்டும் செத்துவிடும்.

இதையெல்லாம் மின்சாரத்தால் அளக்கலாம். பாதரசத் துளியில் எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் காட்மியம் அதில் படியும். அப்புறம் அழுத்தத்தை மெல்ல மாற்றினால், சுமார் −0.6 வோல்ட்டில் கரைந்து வெளியேறும்போது மின்னோட்டம் கூராக எழும். அந்த எழுச்சியின் உயரத்தை வைத்துத்தான் காட்மியத்தின் அளவைக் கணக்கிடுவோம்.

மெட்டலோதயோனின் புரதத்தை அளக்க, செக் நகரமான பிராகாவில், பாதரசத் துளியால் அளக்கும் முறையைக் கண்டுபிடித்த ஹெய்ரோவ்ஸ்கியின் மாணவர் ருடால்ஃப் பிர்டிச்கா 1933-இல் கண்ட வழி: கோபால்ட் உப்பு, அம்மோனியா கரைசலில் சிஸ்டீன் உள்ள புரதம் மின்னோட்ட வரைபடத்தில் தனி அலை காட்டும். அதற்கு முன் மாதிரியைச் சூடாக்க வேண்டும். மற்ற புரதங்கள் திரிந்து அடியில் தங்கும். மெட்டலோதயோனின் சூட்டைத் தாங்கி மேலே தெளிவில் நிற்கும்.