க்யூ வந்தா யூ வரணுமா? – ஒரு வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் தம்பி,

காரைக்குடிலேருந்து எழுதுறேன், பாத்திரக்கடை வச்சிருக்கேன். எங்க பாப்பா ஒம்பதாவது படிக்குது. லீவு விட்டதுலேருந்து வளவுல ஆத்தங்குடி கல்லு மேல, எழுத்துக்கட்டையைச் சேத்து இங்கிலீஷ் வார்த்தை அமைக்கிற ஸ்கிராபிள் போர்டை விரிச்சு வச்சுக்கிட்டு அப்பத்தாவையும் பக்கத்துல உக்கார வச்சு ஆடுது, அவுக பையிலேருந்து எழுத்துக்கட்டையை உருவிக் குடுக்குறாக. இப்ப க்யூவுக்கு அடுத்து யூ வராத சின்ன வார்த்தைகளைப் பிரிண்ட் எடுத்து மனப்பாடம் பண்ணுது. ஒண்ணுக்காவது அர்த்தம் சொல்லுத்தான்னு கேட்டா, "அர்த்தத்துக்கெல்லாம் பாயிண்ட் கிடையாது அப்பச்சி"ங்குது. இது சரியா? இப்படிப் படிச்சு என்ன பிரயோசனம்?

– ஒரு வாசகர்

அண்ணே, வணக்கம்.

பாப்பா சொல்றது ஆட்டத்தைப் பொறுத்தவரை சரிதான். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ்னு ஒருத்தர், பிரெஞ்சு பேசத் தெரியாது, ஆனா அகராதியை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போயி 2015ல பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டில ஜெயிச்சாரு. அதனால திட்டாதீங்க.

அதுவும் க்யூவை அது புடிச்சுக்கிட்டதுல அர்த்தம் இருக்கு. நூறு கட்டைல க்யூ ஒண்ணே ஒண்ணுதான், பத்து பாயிண்ட். யூ மொத்தமே நாலு. கடைசிவரைக்கும் க்யூ கையில தங்கிட்டா நம்ம கணக்குல பத்து போகும், ஆட்டத்தை முடிச்சவங்க கணக்குல அதே பத்து ஏறும். ஆனா ஐ எழுத்து ஒம்பது இருக்கு, அதனால க்யூ-ஐங்கிற ரெண்டெழுத்து வார்த்தை தெரிஞ்சவங்க பயப்பட வேணாம். எழுத்தோட பாயிண்ட் மூணு மடங்காகுற கட்டத்துல க்யூவை வச்சு, குறுக்கயும் நெடுக்கயும் க்யூ-ஐ வர்ற மாதிரி அமைஞ்சா ஒரே வைப்புல 62 பாயிண்ட்.

இவ்வளவும் சொல்லிட்டு, அர்த்தம் தெரிஞ்சுதான் ஆகணும்னு நான் சொல்லுவேன். எல்லா வார்த்தைக்கும் சொல்லலை, இந்தக் க்யூ லிஸ்ட்டுக்கு மட்டுமாவது. ஏன்னா இது சின்ன லிஸ்ட், இதுல ஒவ்வொண்ணும் ஒரு தேசத்துலேருந்து வந்து இங்கிலீஷ்ல குடியேறுனது. பழைய இங்கிலீஷ்ல குயீன்ங்கிற வார்த்தையையே சி-டபிள்யூ போட்டுத்தான் எழுதுனாங்க, 1066ல நார்மன்காரங்க வந்து உக்காந்தப்புறம்தான் பிரெஞ்சுப் பழக்கத்துல க்யூவும் யூவும் ஜோடி சேந்துச்சு. அந்த ஜோடி இல்லாம க்யூ தனியா நிக்குதுன்னா பெரும்பாலும் அது அரபு, சீனம், ஹீப்ரு வழியா வந்த வார்த்தை. அரபில தொண்டைக்கு அடியிலேருந்து எடுக்குற ஒரு ககரம் இருக்கு, அதை இங்கிலீஷ்ல எழுத க்யூவை எடுத்துக்கிட்டாங்க. சீனத்துல கதை வேற, அங்க க்யூன்னா கிட்டத்தட்ட சகரம், அதனால க்யூ-ஐயைச் "சீ"ன்னுதான் சொல்லணும், உடம்புல ஓடுற உயிர்ச்சக்தின்னு அர்த்தம். ஸ்கிராபிள்ல செல்லுற வார்த்தைகளோட வட அமெரிக்க லிஸ்ட்ல அது 2006லதான் சேந்துச்சு.

பாதி வார்த்தை நமக்கு முன்னாடியே தெரிஞ்சதுதான், அதைத்தான் பாப்பாட்ட சொல்லணும். க்யூ-ஏ-டி-ஐ (qadi) நம்ம காஜி. டபிள்யூ-ஏ-க்யூ-எஃப் வேற ஒண்ணுமில்ல, பேப்பர்ல தினம் வர்ற வக்ஃபு வாரியத்துல இருக்குற வக்ஃபுதான். ஃபக்கீர், தலாக், புர்கா எல்லாம் அதே வரிசை. எஸ்-யூ-க்யூன்னா அரபு ஊர்க் கடைவீதி, உங்க கடையைத் தூக்கி அங்க வச்சாலும் யாவாரம் நடக்கும்! க்யூ-ஏ-டி (qat), ஏமன்ல மத்தியானத்துல கூடி உக்காந்து கன்னத்துல அடக்கி மெல்லுற ஒரு இலை.

எனக்கு ரொம்பப் புடிச்சது கனாத், க்யூ-ஏ-என்-ஏ-டி (qanat). ஈரான்ல மழை கம்மி, வெயில்ல தண்ணி ஆவியாப் போயிரும், அதனால மலையடிவாரத்துல ஆழமா ஒரு தாய்க்கெணறு தோண்டி, அங்கேருந்து ஊர்வரைக்கும் பூமிக்கு அடியிலயே லேசான சரிவுல சுரங்கம் வெட்டிருவாங்க. வழிநெடுக மண்ணை வெளிய எடுக்கவும் உள்ள காத்துப் போகவும் மேலேருந்து குழி, அதை வானத்துலேருந்து பாத்தா புள்ளி புள்ளியா வரிசை தெரியும். மோட்டார் கிடையாது, ஏத்தம் கிடையாது, தண்ணி தன் போக்குல நடந்து ஊருக்கு வந்துரும். 2016ல யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாச் சேத்துச்சு, நம்ம நாட்டுலயே கர்நாடகாவுல பீதர் பக்கம் அதே மாதிரி சுரங்கம் இருக்கு. ஊருணி வெட்டி மழைத்தண்ணியைக் காப்பாத்துன நம்ம ஊருப் புள்ளைக்கு இதைச் சொன்னா அந்த அஞ்சு எழுத்து மறக்குமா சொல்லுங்க.

அதனால பாப்பாட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தை எடுத்து அதோட அர்த்தத்தை அப்பத்தாட்ட கதையாச் சொல்லட்டும். எந்தத் தேசம், அங்க என்ன செய்யுறாங்கன்னு அவுக குறுக்குக் கேள்வி கேப்பாக, அதுக்குப் பதில் தேடப் போனாலே புள்ளைக்கு மனசுல நின்னுரும். இன்னொண்ணு, அது பிரிண்ட் எடுத்தது காலின்ஸ் அகராதி லிஸ்ட்டா அமெரிக்க லிஸ்ட்டான்னு பாத்துக்கச் சொல்லுங்க, காலின்ஸ்ல வார்த்தை அதிகம், ஒண்ணுல செல்லுறது இன்னொண்ணுல செல்லாது, போட்டிக்குப் போறதா இருந்தா அங்க எதை வச்சு ஆடுறாங்கன்னு முன்னாடியே கேட்டுக்கிறது நல்லது.