61 குர்த்தி, உடுத்த எட்டு

கேள்வி: வயது 34. சேலத்தில் தனியார் வங்கியில் வேலை. பிள்ளைகள் தூங்கியபின் ராத்திரி பத்தரைக்குப் போனை எடுத்தால், ஒரு குர்த்தியாவது ஆர்டர் போடாமல் கீழே வைக்க முடிவதில்லை. 299, 399 என்று சின்னச் சின்னத் தொகைதான். போன வாரம் எண்ணிப் பார்த்தேன்: 61 இருக்கிறது. அதில் 14-க்கு இன்னும் டேக்கே கழற்றவில்லை. மாற்றி மாற்றி ஆபீஸுக்குப் போடுவது எட்டுதான். "ஆறு மாதம் எதுவும் வாங்குவதில்லை" என்று மூன்று முறை சபதம் போட்டு, மூன்று முறையும் ஆடித் தள்ளுபடியிலோ பண்டிகை சேலிலோ கோட்டைவிட்டேன். கைத்தறி வாங்கு என்கிறார்கள், நமக்குக் கட்டுப்படியாகுமா? இதை எழுதும்போதும் ஆப்பில் கடுகு மஞ்சள் ரேயான் குர்த்தி ஒன்று, 449 ரூபாய், கூடையில் கிடக்கிறது. எடுக்கவா, விடவா?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: முதலில் சபதத்தை விடுங்கள். பட்டினி கிடந்தவர் விருந்தில் உட்கார்ந்த கதையாகத்தான் அது முடியும். உங்கள் கடிதத்தில் எங்கள் கண்ணில் பட்டது 61 அல்ல, எட்டு. மீதி 53 ஏன் பீரோவிலேயே கிடக்கிறது? வாங்கியது உடம்புக்கு ஒத்துவரவில்லை, அதனால் காலையில் "போட ஒன்றுமில்லை", அதனால் ராத்திரி மறுபடி போன். ஆசையை அடக்குவது இரண்டாவது வேலை. சரியில்லாததை வாங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டால் பாதி ஆசை தானாகவே அடங்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை 53-ஐயும் கட்டிலில் கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, ஏன் உடுத்துவதில்லை என்று ஒரு நோட்டில் ஒரே வரி எழுதுங்கள். 'பிடிக்கவில்லை' என்று எழுதக் கூடாது. கைப்பக்கம் இறுக்கிப் பிடிக்கிறது, உள்ளே தெரிகிறது, துவைத்ததும் ஏறிவிட்டது, சாயம் போகிறது, சைடு ஓபன் இடுப்புக்கு மேலே வருகிறது என்று எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு காரணங்களே திரும்பத் திரும்ப வரும். அந்த நாலு வரிதான் இனி நீங்கள் எதையும் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய பட்டியல். ஊருக்கெல்லாம் பொதுவான பட்டியலைவிட இது பத்து மடங்கு பயன்படும்.

'இறுக்கிப் பிடிக்கிறது' என்ற வரி அதிகம் வந்தால் கோளாறு சைஸில். உங்கள் எட்டில் மிக நன்றாகப் பொருந்துவதை எடுத்துத் தரையில் விரியுங்கள். அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். அது குர்த்தியின் மார்புச் சுற்று. ஷோல்டர், ஆர்ம்ஹோல் (கை சேரும் வளையம்), நீளம், சைடு ஓபன் தொடங்கும் உயரம் ஆகியவற்றையும் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பில் போட்டிருக்கும் அட்டவணை சில இடங்களில் உடம்பின் அளவு, சில இடங்களில் துணியின் அளவு. இரண்டுக்கும் நடுவில் இரண்டிலிருந்து நான்கு அங்குலம் வித்தியாசம் வரும். எந்த அளவு என்று சொல்லாத அட்டவணையை நம்பி எம், எல் என்று அழுத்துவது குருட்டாம்போக்கு.

அடுத்து, 299 ரூபாய் எங்கிருந்து வருகிறது? கூரியர் செலவு குறையாது. குறைக்க முடிந்தது துணியிலும் தையலிலும் சாயத்திலும்தான். ஒரு குர்த்தியை உள்பக்கம் திருப்புங்கள். ஆர்ம்ஹோலும் பக்கவாட்டுத் தையலும் சேரும் இடத்தைப் பாருங்கள். நல்ல தையலில் ஓரத்தில் அரை அங்குலமாவது துணி விட்டிருக்கும். நேர்த்தையல் ஒன்று, அதற்கு வெளியே ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் ஒன்று என்று இரண்டும் இருக்கும். மலிவுச் சரக்கில் கால் அங்குலம்கூட இருக்காது, வெறும் ஓவர்லாக்தான். அந்த நூல் ஓரிடத்தில் அறுந்தால் போதும், பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடிக்கும்போது வாய் பிளந்துவிடும். அதை டெய்லரிடம் கொடுத்தாலும் பிரித்துவிட உள்ளே துணி இல்லை. ஒரு அங்குலத்துக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பத்து, பன்னிரண்டு என்றால் சரி. ஏழு என்றால் கீழே வையுங்கள். தையலின் இரு பக்கத்தையும் கட்டைவிரல்களால் பிடித்து மெல்ல இழுங்கள். ஏணிப்படிபோல் இடைவெளி தெரிந்தால் அது இரண்டு மாதம் தாங்காது.

துணி விஷயத்தில் விற்பவர்கள் வார்த்தையில் விளையாடுவார்கள். 'காட்டன் ரேயான்', 'காட்டன் ஃபீல்', 'சாஃப்ட் காட்டன்' எதுவும் பருத்தி என்று உறுதி சொல்லவில்லை. உள்லேபிளில் சதவீதம் போட்டிருந்தால் அதை மட்டும் நம்புங்கள். சந்தேகம் இருந்தால், உள்தையல் ஓரப் பிசிறிலிருந்து நாலு அங்குல நூல் ஒன்றை உருவி, நடுவில் மட்டும் எச்சில் தொட்டு நனைத்து இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். நனைந்த இடத்திலேயே பட்டென்று அறுந்தால் ரேயான். நனையாத இடத்தில் அறுந்தால் பருத்தி. ஈரத்தில் ரேயானின் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பருத்தி ஈரத்தில் கூடுதல் உறுதியாகும். ரேயான் குர்த்தியை முறுக்கிப் பிழிந்தால் தையல் விட்டுப்போவதும், நனைந்த கனத்தோடு கொடியில் தொங்கவிட்டால் இழுபட்டுப்போவதும் இதனால்தான். ரேயானே கூடாது என்றில்லை. பிழியாமல், நிழலில், படுக்கப்போட்டு உலர்த்தப் பொறுமை இருப்பவர்கள் வாங்கலாம். பாலியஸ்டரைக் கண்டுபிடிக்க ஒரு நூலைக் கொளுத்தினால் போதும்: உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும்.

சாயத்துக்கு வெள்ளைக் கைக்குட்டை. ஓரத்தை நனைத்து, குர்த்தியின் உள்மடிப்பில் இருபது முறை தேயுங்கள். டேக்கைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், பிறகு செய்தால் திருப்பி அனுப்ப முடியாது. துணியில் பிடிக்காமல் மேலோடு நிற்கும் சாயத்தைப் பலமுறை வெந்நீரில் அலசி எடுப்பதுதான் சாயப்பட்டறையில் தண்ணீர் குடிக்கும் வேலை. அந்தக் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் போய் நின்றதால்தான் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடுதான் அங்கே மறுபடி நடத்த முடிகிறது, அதற்குச் செலவு உண்டு. எந்த ஊர்ச் சரக்கானாலும் விலையைக் கீழே தள்ளத் தள்ள, இந்த அலசலில்தான் கைவைப்பார்கள். பட்டறையில் போகாத சாயம் உங்கள் வாளியில் போகிறது. கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் வைத்தியம். உப்பால் இந்த உபரிச் சாயத்தைப் பிடித்து வைக்க முடியாது. பச்சைத் தண்ணீரில் தனியாக மூன்று நான்கு முறை அலசி எடுப்பதே வழி.

இனி போன். ஆப்பை எடுத்துவிட்டு, வேண்டுமானால் பிரவுசரில் திறந்து பாருங்கள். சேமித்து வைத்த கார்டு விவரத்தை அழியுங்கள். கேஷ் ஆன் டெலிவரியை ஒரு கட்டுப்பாடு என்று நினைக்காதீர்கள், அது காசு போகும் வலியை நாலு நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பார்சல் வரும்போது வீட்டில் இருக்கும் பெரியவர் பணத்தைக் கொடுத்து வாங்கி வைத்துவிடுவார். 'இன்னும் 2 மட்டுமே' என்ற பொய் எச்சரிக்கை, பொய்யாக ஓடும் கடிகாரம், கூடையில் தானாக ஏறும் கூடுதல் பொருள் போன்றவற்றுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் விதிமுறையே வெளியிட்டது. பொய் அவசரம் உட்பட 13 தந்திரங்கள் அதில் தடை. அப்படி ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். இன்னொன்று: 40 ரூபாய் டெலிவரிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க 199 ரூபாய் லெக்கின்ஸைச் சேர்ப்பது மிச்சம் அல்ல.

பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பார்ப்பதற்கும் பணம் கட்டுவதற்கும் நடுவில் நாள் இருக்கட்டும். பிடித்ததை அதே நோட்டில் எழுதுங்கள்: தேதி, விலை, என்ன துணி, வீட்டில் இருக்கும் எந்தப் பேண்ட்டோடு எந்தத் துப்பட்டாவோடு போடுவீர்கள். கடைசிக் கேள்விக்கு இரண்டு ஜோடியாவது சொல்ல முடியாவிட்டால் அந்த வரியை அடித்துவிடலாம். ஆயிரத்துக்குள் என்றால் பத்து நாள், அதற்கு மேல் என்றால் ஒரு மாதம். நாள் முடிவதற்குள் சேல் முடிந்துவிடுமே என்றால், அடுத்த சேல் பின்னாலேயே வருகிறது.

கைத்தறிக் கேள்விக்கு வருவோம். கட்டுப்படியாகுமா என்பதை விலைச்சீட்டை வைத்துப் பார்க்காதீர்கள். 399 ரூபாய்க் குர்த்தியை நாலு முறை போட்டு ஒதுக்கினால் ஒரு முறைக்கு நூறு ரூபாய். மீட்டர் 180 ரூபாய்க்கு இரண்டரை மீட்டர் பருத்தி 450, தையல் கூலி 350 என்று வைத்தாலும் மொத்தம் 800. எழுபது முறை போட்டால் ஒரு முறைக்குப் பன்னிரண்டு ரூபாய்க்குள். கூலி ஊருக்கு ஊர் மாறும், உங்கள் டெய்லர் சொல்வதைப் போட்டுக் கணக்குப் பாருங்கள். (இந்தக் கணக்கைச் சொல்லிப் பட்டுப்புடவை எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். 15,000 ரூபாய்ப் புடவையை ஐந்து கல்யாணத்துக்குக் கட்டினால் ஒரு முறைக்கு மூவாயிரம். அது வேறு கணக்கு, அதற்கு வேறு நியாயம்.) 1935-லிருந்து நடக்கும் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளியை ஒட்டி 30 சதவீதத் தள்ளுபடி தருவது வழக்கம். வெளிக்கடையில் கைத்தறி என்று சொல்லி விசைத்தறியைக் கொடுப்பதும் வழக்கம், அதனால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

துணி எடுத்துத் தைப்பதில்தான் பலர் காசை விடுகிறார்கள். முழங்கால் அளவுக் குர்த்திக்கு, முக்கால் கை, 44 அங்குல அகலத் துணி என்றால் இரண்டரை மீட்டர் தாராளம். டெய்லரிடம் போவதற்கு முன் இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். பருத்தி ஐந்து சதவீதம் சுருங்கினாலே 40 அங்குல நீளத்தில் இரண்டு அங்குலம் போய்விடும். எல்லோரும் மறப்பது லைனிங்கை. மேல் துணியை நனைத்துவிட்டு லைனிங்கை அப்படியே கொடுப்பார்கள். முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி, கழுத்தும் கீழ்மடிப்பும் சுருக்கு விழுந்து நிற்கும். புடவை ஃபால்ஸும் இதே ரகம். அளவுக்கு, எட்டில் நன்றாகப் பொருந்தும் அந்தக் குர்த்தியையே கொடுங்கள், உடம்பில் டேப் வைத்து எடுப்பதைவிட இது பிசகாது. "ரெண்டு பக்கமும் ஒரு இன்ச் துணி விட்டுத் தைங்கண்ணா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உடம்பு போடும், இளைக்கும். பிரித்துவிட இடம் இருந்தால் அந்தக் குர்த்தி அஞ்சு வருஷம் ஓடும். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு போய் நிற்காதீர்கள். அப்போது நல்ல டெய்லர் ஆர்டர் எடுக்க மாட்டார், எடுப்பவர் அவசரத்தில் வெட்டுவார். ஆடியில் கல்யாணத் தையல் குறைவு, நிதானமாகத் தைப்பார்கள்.

இருக்கும் 53-க்கு: நீளம் அதிகம், கழுத்து இறக்கம், சைடு ஓபன் உயரம் போன்றவை ஆல்டரேஷனில் சரியாகும். நாலைந்து சேர்த்துக் கொண்டுபோனால் கூலியும் குறையும். ஆர்ம்ஹோல் பிடிப்பதைத் திருத்துவது, உள்ளே துணி இல்லாவிட்டால், வீண்செலவு. டேக் கழற்றாத 14-ஐ 'ஏழைகளுக்கு' என்று பொதுவாக மூட்டை கட்டாமல், அளவு தெரிந்த யாருக்காவது கேட்டுக் கொடுங்கள். கிழிந்த பருத்தி சமையலறைத் துணியாகும். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, அதற்கும் ஆகாது. உடுத்தித் துவைத்ததை எப்போதும் அடுக்கின் மேலேயே வையுங்கள். இரண்டு மாதத்தில் அடியில் தங்கியது எது என்று பீரோவே காட்டிவிடும்.

கடுகு மஞ்சளைப் பொறுத்தவரை, இன்று வேண்டாம். கூடையிலிருந்து எடுத்து நோட்டின் முதல் வரியாக எழுதுங்கள். விற்பவரின் அட்டவணை உடம்பு அளவா, துணி அளவா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் கொட்டும்போது மஞ்சள் வகையறா எத்தனை இருக்கிறது என்று எண்ணி அதே வரியின் பக்கத்தில் எழுதுங்கள். பத்தாம் நாளும் மனம் அதிலேயே நின்றால், அதே நிறத்தில் பருத்தித் துணி கிடைக்கிறதா என்று ஒரு கடை ஏறி இறங்குங்கள்.