பதில்: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா எழுந்து நடக்கப் பயப்படுகிறார்

வணக்கம் சகோ. நாலு மாதமாகப் படுக்கையிலேயே அப்பாவின் கை காலை நீட்டி மடக்கிவிடுகிறார்கள், நடக்கக் கூப்பிட்டால் விழுந்துவிடுவேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்தவர் மடக்கிவிட்டால் மூட்டு இறுகாமலிருக்க ஓரளவு உதவலாம், சரி. நடை வர அது போதாது. எழுந்து நின்று பழகியே ஆக வேண்டும்.

நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, மறுபடி உட்காரும் பயிற்சியைத் தொடங்கலாமா என்று பிசியோவிடம் (உடற்பயிற்சி சிகிச்சை தருபவர்) கேளுங்கள். கைப்பிடியுள்ள, கொஞ்சம் உயரமான நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து எழ வேண்டும். பலவீனமான காலிலும் எடை விழணும். நீங்கள் அந்தப் பக்கமே நின்று இடுப்பைப் பிடியுங்கள். கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவலாம் (பல வீடுகளில் பாசத்தில் இதைத்தான் செய்கிறார்கள்). பாதம் தரையில் இழுபட்டால் கணுக்காலுக்கு ஸ்பிளின்ட் (பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் அணை) தேவையா என்றும் கேளுங்கள். அப்புறம், தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள்.