ஊரடங்கு நாட்குறிப்பில் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஐயா,

2020 மார்ச் 25 முதல் அந்த ஆண்டு ஆகஸ்ட் முடிய நான் எழுதிய நாட்குறிப்பைத் தட்டச்சு செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நான் என ஐந்து பேர் சிறிய வீட்டுக்குள் அடைந்து கிடந்த கதை அது. மொட்டை மாடியில் நடந்தது, கணவருக்கு நானே முடி வெட்டியது, பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியது, மகனின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் இருக்கின்றன. எவ்வளவு சிரமம் இருந்தாலும், குடும்பமாக அத்தனை நெருக்கமாக நாங்கள் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை. அந்த நாட்களுக்காக ஏங்குவது தவறா? இதைப் புத்தகமாக்கலாமா? 1918 இன்ஃப்ளூயன்ஸாவைப் பற்றி நம் வீடுகளில் ஒரு நினைவும் மிஞ்சவில்லை. இதுவும் அப்படி மறந்துபோய், 'கொரோனா தேவி'க்குச் சிலை வைத்ததை மட்டும் சொல்லிச் சிரிப்பார்களோ என்று தோன்றுகிறது.

எஸ்., மடிப்பாக்கம்

அன்புள்ள எஸ்.,

நாட்குறிப்பை முழுவதும் படித்தேன். ஏங்குவதில் தவறு ஒன்றுமில்லை. சம்பளம் நிற்காத வீடுகள் பலவற்றில் அந்த மாதங்கள் அப்படித்தான் கழிந்தன. அதே நாட்களில் நெடுஞ்சாலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்களைச் சொல்லி உங்களைக் குற்றவாளியாக்க எனக்கு விருப்பமில்லை. அதைச் செய்ய வேறு பலர் இருக்கிறார்கள். புத்தகமாக்குவது உங்கள் பணம், உங்கள் விருப்பம்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஜூன் மாதக் குறிப்பில் உள்ள ஒரு வரி. 'திருவாரூரில் சித்தப்பா தவறிவிட்டார். தகனத்தை வாட்ஸப் வீடியோவில் பார்த்தோம். குடும்பக் குழுவில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். இரவு ரவா உப்புமா.' அதன் பிறகு உப்புமாவில் பெருங்காயம் கூடிப்போனதும், அதற்கு மாமியார் சொன்னதும் அரைப் பக்கத்துக்கு வருகின்றன. உப்புமாவை நான் குறை சொல்லவில்லை. சாவு வீட்டுக்கும் யாராவது சமைத்துக் கொண்டுவந்து, வற்புறுத்திச் சாப்பிட வைக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சித்தப்பா அதற்குப் பிறகு உங்கள் நாட்குறிப்பில் வரவேயில்லை. ஆகஸ்ட் கடைசி வரை தேடிவிட்டேன், சித்தியும் வரவில்லை.

என் அத்தையும் அதே ஜூன் மாதத்தில்தான், சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் இறந்துபோனார். கொரோனா இல்லை, நெஞ்சுவலி. சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் 19ஆம் தேதியிலிருந்து மறுபடியும் முழு ஊரடங்கு. கல்யாணம், சாவு, மருத்துவம் ஆகியவற்றுக்கு இ-பாஸ் உண்டு. சாவு வீட்டில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. நான் விண்ணப்பிக்க உட்கார்ந்திருக்கும்போதே மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். 'மருமகனே, நீங்க வரவேண்டாம்யா. ஊர் எல்லையில முள்ளை வெட்டிப் போட்டு மறிச்சிருக்காங்க. மெட்ராஸ்ல இருந்து வந்தவனை ஊருக்குள்ள விட்டோம்னு என் வாசல்ல சண்டை வரும்' என்றார். மனைவியின் உடலைத் திண்ணையில் கிடத்திவிட்டு, என்னை வரவேண்டாம் என்று அவர் கெஞ்சினார்.

சாவு வீட்டுக்குப் போவதை நாம் ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு வேலை என்பதை மறந்துவிட்டோம். தெருமுனையில் இறங்கும்போதே குரலெடுத்து அழுதுகொண்டு வரும் பெண், உட்கார்ந்திருக்கும் பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு அழுது, அழுகை ஓய்ந்து மூக்கைச் சிந்தித் துடைத்த பின்பு, 'என்னக்கா செஞ்சுது அத்தானுக்கு?' என்று கேட்பாள். தாலியறுத்தவள் முதல் நாள் ராத்திரியிலிருந்து தொடங்கி, அவர் கடைசியாக என்ன சாப்பிட்டார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், எப்போது கூப்பிட்டார் என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வேனில் ஆள் வந்து இறங்கும். மறுபடியும் முதலிலிருந்து சொல்வாள். 'கூப்பிட்டார், எனக்குத்தான் காதில் விழவில்லை' என்று அவள் தலையில் அடித்துக்கொள்ளும்போது, பக்கத்தில் இருக்கும் ஒரு கிழவி, 'விழுந்திருந்தா மட்டும் நீ என்னத்தடி செஞ்சிருப்ப, எமனையா மறிச்சிருப்ப?' என்று அதட்டுவாள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அந்தக் கதை பல வாய்களில் புரண்டு, சொல்பவளை அறுக்காத அளவுக்கு மழுங்கிவிடும். அதற்காகத்தான் அத்தனை பேரும் பஸ் ஏறி வருகிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்குச் செத்தவரோடு பேச்சுவார்த்தைகூட இருந்திருக்காது, அது வேறு விஷயம்.

தடைகளெல்லாம் நீங்கி வெகுநாள் கழித்து நான் மாமாவைப் பார்க்கப் போனேன். உட்கார்ந்ததும், 'அன்னைக்குக் காலையில என்ன நடந்துது மாமா?' என்று கேட்டேன். நேற்று நடந்ததைப் போலச் சொன்னார். அத்தை விடியற்காலையில் காப்பி கேட்டிருக்கிறார். ஊரடங்கினால் அந்த வாரம் முழுவதும் பால் தாமதமாக வந்துகொண்டிருந்தது. 'பால் வரட்டும், பேசாமக் கெட' என்று மாமா சொல்லியிருக்கிறார். பால் வரும்போது அத்தை இல்லை. இத்தனை காலமும் அந்தப் பாலை அவர் தனியாகச் சுமந்துகொண்டிருந்தார். ஊரில் எல்லோருக்கும் அத்தை செத்தது தெரியும். காப்பி கேட்டது ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் வந்து உட்கார்ந்து கேட்கவில்லை. 'காப்பிக்கும் உயிருக்கும் என்ன மாமா சம்பந்தம்?' என்று நான் சொன்னது பெரிய ஞானமில்லை, எந்தக் கிழவியும் அதைத்தான் சொல்லியிருப்பாள். பொழுது சாயும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். மாமா அவரிடமும் காப்பியிலிருந்து தொடங்கினார்.

1918 பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1911க்கும் 1921க்கும் இடையில் இந்தியாவின் மக்கள்தொகை குறைந்தது. கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படி நேர்ந்த பத்தாண்டு அது ஒன்றுதான், அதற்கு முதன்மையான காரணம் அந்தக் காய்ச்சல். தாது வருஷப் பஞ்சத்துக்குக் கும்மிப் பாட்டு இருக்கும்போது இதற்கு ஏன் நினைவில்லை என்றால், துக்கம் கேட்க வரவேண்டியவர்களும் அப்போது படுக்கையில் கிடந்தார்கள் என்பது என் ஊகம். கொரோனா தேவியைப் பார்த்துச் சிரிப்பதையும் சற்று நிறுத்திவையுங்கள். 2021 மே மாதம் அந்தச் சிலையை வைத்த அதே கோவையில்தான் பிளேக் மாரியம்மனுக்கு இன்றும் பூசை நடக்கிறது. போய்ச் சொல்லி அழுவதற்கு மனிதர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

உங்களிடம் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அந்த 'நெருக்கம்' என்ற பேச்சினால்தான். பால் பாக்கெட் கழுவியதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய உங்களுக்கு, சித்தப்பா எதனால் இறந்தார் என்று எழுத ஒரு வரி இல்லை. உங்களுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். நீங்கள் சிறு வயதில் கோடை விடுமுறையெல்லாம் அந்த வீட்டில்தான் இருந்ததாக ஏப்ரல் குறிப்பில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்று போக முடியாததற்கு உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊரடங்கு முடிந்து எத்தனை காலமாகிவிட்டது! இத்தனை வருஷம் கழித்துப் போனால் ஆறிய புண்ணைக் கிளறுவதாகாதா என்று கேட்காதீர்கள். ஆறிவிட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது?

திருவாரூருக்கு ரயில் இருக்கிறது. கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சுற்றுலாப் போவதைப் போலப் போகாமல் தனியாகப் போங்கள், ஒரு நாள் தங்குங்கள். நாள் கிழமை பார்ப்பவராக இருந்தால் சித்தியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் இறுதிச் சடங்கை வீடியோவில் பார்த்ததைச் சொல்ல ஆரம்பிக்காமல், அவரைச் சொல்ல விடுங்கள். கைபேசியைப் பைக்குள் வையுங்கள்.

நாட்குறிப்பில் மாடித் தோட்டத்தைப் பற்றிய பகுதி மிகவும் நீளம். பாதியாகக் குறைக்கலாம்.